ஓட்டை போடுவதற்கு முன்: கான்கிரீட்டை ரேடாரில் பார்ப்பது எப்படி

கான்கிரீட்டில் வட்டமாக ஓட்டை போடும் கோர் கட்டிங் மெஷின் இறங்குவதற்கு முன்னால் சைட்டுக்குப் போகிற ஆள் நான். ஸ்லாபுக்குள் கம்பி எங்கே ஓடுகிறது, கரண்ட் பைப் எங்கே போகிறது என்று ஜிபிஆரில், அதாவது உள்ளே ஊடுருவிப் பார்க்கும் ரேடாரில், பார்த்துத் தரையில் கோடு போட்டுக் கொடுப்பது என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆழம் வரைக்கும் தெரியும் சார்?" என்றுதான். நான் அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லிவிடுவேன். இந்த மெஷின் ஆழத்தை அளப்பதே இல்லை. நேரத்தைத்தான் அளக்கிறது.

ஆன்டெனா ஒரு ரேடியோ அலையை உள்ளே அனுப்புகிறது. கம்பி, பைப், காலியிடம், ஸ்லாபின் அடிப்பக்கம் என்று மின் குணம் மாறுகிற இடத்தில் அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. போய்த் திரும்ப எத்தனை நானோ செகண்ட் ஆனது என்பது மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும். அதை சென்டிமீட்டராக மாற்ற, கான்கிரீட்டுக்குள் அலையின் வேகம் என்ன என்று நீங்கள்தான் சொல்லியாக வேண்டும். காற்றில் அலை ஒரு நானோ செகண்டில் 30 சென்டிமீட்டர் போகும். கான்கிரீட்டில், அந்த 30-ஐ மின்கடத்தா எண்ணின் (ஒரு பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்று சொல்லும் எண்) வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். காற்றுக்கு அந்த எண் 1, தண்ணீருக்குச் சுமார் 80. கான்கிரீட் பெரும்பாலும் 5-லிருந்து 10-க்குள் இருக்கும். ஈரம் ஏற ஏற எண்ணும் ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மையில் எண் 9, அதாவது வேகம் நானோ செகண்டுக்கு 10 சென்டிமீட்டர். பைப் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. நீங்கள் மெஷினில் 6 என்று வைத்திருக்கிறீர்கள். திரையில் அதே பைப் 12 சென்டிமீட்டருக்குக் கீழே தெரியும். அதை நம்பி, டிரில் பிட்டில் 11 சென்டிமீட்டரில் டேப் ஒட்டிக்கொண்டு துளைக்கிறவர், டேப் தரையைத் தொடுவதற்கு முன்பே பைப்பைக் கிழித்திருப்பார். அதனால்தான் காலிப்ரேஷனை, அதாவது இந்த எண்ணை அந்த ஸ்லாபுக்கு ஏற்றபடி சரிசெய்வதை, முடிக்காமல் நான் எதையும் ஸ்கேன் செய்வதில்லை.

சரி, ஆன்டெனா விஷயம். 1.6 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா நல்ல உலர்ந்த கான்கிரீட்டில் ஏறக்குறைய 40, 45 சென்டிமீட்டர் வரை பார்க்கும். 2.6 கிகாஹெர்ட்ஸ் 30 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், ஆனால் நெருக்கமான கம்பிகளைப் பிரித்துக் காட்டும். கனமான அஸ்திவாரம், ராஃப்ட் (கட்டடம் முழுக்க ஒரே பலகையாகப் போடும் அஸ்திவாரம்) என்றால் 900 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்க வேண்டும். ஆழம் கிடைக்கும், துல்லியம் போகும். சாதாரண மாடி ஸ்லாபுக்கு முதல் இரண்டில் எது கையில் இருந்தாலும் போதும்.

மெஷினை எடுப்பதற்கு முன்

பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கீழ்த்தளத்துக்குப் போய் மேலே அண்ணாந்து பாருங்கள். சீலிங்கில் லைட் பாக்ஸ் எங்கே, ஃபேன் கொக்கி எங்கே, சுவிட்ச் போர்டு எந்தச் சுவரில் இருக்கிறது? கான்கிரீட் போடும்போதே புதைத்த பைப், இந்தப் புள்ளிகளை இணைத்தபடிதான் போயிருக்கும், பல நேரம் குறுக்காக. திரையில் என்ன வரப்போகிறது என்பதில் பாதியை இந்தப் பத்து நிமிஷ நடையே சொல்லிவிடும்.

அப்புறம் சைட் இன்ஜினியரிடம் கேட்க வேண்டியவை: டிராயிங் இருக்கிறதா? போஸ்ட் டென்ஷன் ஸ்லாபா, அதாவது உள்ளே எஃகு கேபிளை இழுத்துக் கட்டியதா? கீழே மெட்டல் டெக், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் உலோகத் தகடு உண்டா? ஸ்டீல் ஃபைபர் கலந்த கான்கிரீட்டா? எப்போது போட்டது? மெட்டல் டெக் இருந்தால் அதற்குக் கீழே எதுவும் தெரியாது. ஸ்டீல் ஃபைபர் என்றால் திரை முழுக்க இரைச்சல்தான். போட்டுச் சில வாரமே ஆன கான்கிரீட்டில் இருக்கிற ஈரம் அலையை விழுங்கிவிடும். அவசரப்படுத்தினாலும் அந்த வேலையைத் தள்ளிப்போடச் சொல்வேன்.

தரையைக் கூட்டி, தேங்கிய தண்ணீரைத் துடைத்துக் காயவிடுங்கள். டைல்ஸ் மேலேயே ஸ்கேன் செய்யலாம், பிரச்சினை இல்லை. அடியில் அலுமினிய ஃபாயில் விரித்திருந்தால் மட்டும் ஒன்றும் நடக்காது.

காலிப்ரேஷன்

எனக்குப் பிடித்த வழி, ஏற்கெனவே இருக்கும் திறப்பு. லிஃப்ட் கிணறு, படிக்கட்டு ஓரம், டக்ட் என்று எங்காவது ஸ்லாபின் கனத்தை டேப்பால் அளக்க முடியும். அதன் பக்கத்திலேயே ஸ்கேன் செய்து, அடிப்பக்கத்துக் கோடு அந்த அளவில் வந்து நிற்கும்வரை மெஷினில் எண்ணை மாற்றுங்கள். மேலே டைல்ஸும் கலவையும் இருந்தால் அந்தக் கனத்தையும் சேர்த்து அளக்க மறக்காதீர்கள்.

திறப்பு இல்லையென்றால் வளைவைப் பொருத்திப் பார்க்க வேண்டும். கம்பிக்குக் குறுக்கே, ஆன்டெனா பொருத்திய சின்ன வண்டியை ஓட்டினால் திரையில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு வரும். வண்டி கம்பியை நெருங்கும்போதே அலை அதைத் தொட ஆரம்பித்துவிடுகிறது, நேர் மேலே வரும்போது தூரம் மிகக் குறைவு, தாண்டிய பிறகு மறுபடி கூடுகிறது. உச்சிதான் கம்பி இருக்கும் இடம். அந்த வளைவின் விரிவிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். மென்பொருள் ஒரு மாதிரி வளைவைக் காட்டும், அதை உண்மையான வளைவின் மேல் பொருத்தினால் போதும். ஆனால் கம்பியைச் செங்குத்தாகக் கடந்திருக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் வளைவு அகன்று தெரியும், வேகம் அதிகமாக வரும், எல்லாமே இருக்கிறதைவிட ஆழத்தில் இருப்பதாகக் காட்டும். ஆபத்தான பக்கம் அது.

ஒரு மூலையில் பார்த்த எண் பாத்ரூம் பக்கத்துக்குப் பொருந்தாது. ஈரமான இடத்துக்குத் தனியாகப் பாருங்கள். ஓடிய தூரத்தை அளக்கும் வண்டிச் சக்கரத்தையும் டேப்பை விரித்து இரண்டு மீட்டர் ஓட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

ஸ்கேன் செய்வதும் படிப்பதும்

ஓட்டை வரப்போகும் இடத்தை நடுவில் வைத்து 60-க்கு 60 சென்டிமீட்டர் கட்டம் போடுகிறேன். 5 சென்டிமீட்டர் இடைவெளியில் கோடுகள், இரண்டு திசையிலும். ஒரே திசையில் மட்டும் ஓட்டினால், வண்டிக்கு இணையாகப் போகிற கம்பி வளைவாக வராது, தட்டையான கோடாக வரும்; அதை ஸ்லாபின் அடி என்று நினைத்துவிடுவார்கள்.

ஒவ்வொரு கோட்டிலும் வண்டியை ஓட்டிவிட்டு அப்படியே பின்னால் இழுங்கள். வண்டி நிற்கும் இடத்தைத் திரையில் காட்டும் குறிக்கோடு உச்சியில் வந்து நிற்கும்போது தரையில் ஒரு புள்ளி. அடுத்த கோட்டில் அடுத்த புள்ளி. புள்ளிகள் நேராகச் சேர்ந்து, பக்கத்திலேயே அதே இடைவெளியில் இன்னொரு வரிசையும் வந்தால், அது கம்பி. ஒரே ஒரு கோட்டில் வந்து அடுத்ததில் காணாமல் போனால் ஏதோ துண்டுக் கம்பி, ஆணி. இடைவெளிக்கு அடங்காமல், குறுக்காகவோ வளைந்தோ, வேறு ஆழத்தில் போகிறது என்றால், மற்றபடி நிரூபணம் ஆகும்வரை அது பைப்.

காலியான பிளாஸ்டிக் பைப் மங்கலாகத்தான் தெரியும். அங்கே வண்ண வரிசையைப் பாருங்கள். கம்பியில் கருப்பு-வெள்ளை-கருப்பு என்று வந்தால், காற்று நிறைந்த இடத்தில் வெள்ளை-கருப்பு-வெள்ளை என்று தலைகீழாக வரும். எது எப்படி என்பது மெஷினின் அமைப்பைப் பொறுத்தது. நிச்சயமாகத் தெரிந்த கம்பி ஒன்றில் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பைப்புக்குள் ஒயர் நிறைய இருந்தால் அதுவும் உலோகம் மாதிரிதான் காட்டும்.

என்னை உண்மையிலேயே பயமுறுத்துவது வேறொரு பைப். கம்பி கட்டிய பிறகு எலக்ட்ரீஷியன் வருகிறார். பைப்பை எங்கே கட்டுவார்? கம்பியோடு கம்பியாக, அதன் அடியில் ஒட்டினாற்போல். மேலிருந்து பார்க்கும்போது அது முழுக்க நிழலில் இருக்கும், எத்தனை முறை குறுக்கே ஓட்டினாலும் கம்பி மட்டும்தான் தெரியும். ஆனால் எந்தப் பைப்பும் கம்பியோடேயே கடைசிவரை போவதில்லை. எங்கோ ஓரிடத்தில் விலகி லைட் பாக்ஸை நோக்கித் திரும்பியாக வேண்டும். அதனால் கட்டத்துக்கு வெளியே, ஒரு மீட்டருக்கு அப்பாலும் நீளமாக ஓட்டிப் பார்க்கிறேன். கீழிருந்து பார்க்க முடிந்தால் கீழிருந்தும். ஆன்டெனாவை 90 டிகிரி திருப்பி ஓட்டினால் கம்பியின் பிரதிபலிப்பு குறைந்து, மறைந்திருப்பது கொஞ்சம் எட்டிப்பார்க்கும். கரண்டைக் கண்டுபிடிக்கும் சென்சார் இருந்தால், எல்லா லைட்டையும் போட்டுவிடச் சொல்லுங்கள். காந்தப்புலத்தைப் பார்க்கிற சென்சாருக்கு, ஒயரில் மின்னோட்டம் ஓடினால்தான் ஏதாவது தெரியும். அது சத்தம் போடவில்லை என்பதற்காக ஒயர் இல்லை என்று அர்த்தமில்லை.

போஸ்ட் டென்ஷன் கேபிள் இருக்கிற ஸ்லாபில் இன்னும் நிதானம் வேண்டும். இழுத்துக் கட்டிய கேபிளை வெட்டினால் ஆளையே அடித்துவிடும். அது ஒரே ஆழத்தில் போகாது. தூண், பீம் மேல் உயரமாகவும் நடுவில் தாழ்வாகவும் தொங்கும். இணையாகப் பல கோடுகள் ஓட்டி, உச்சி மெதுவாக இறங்கி ஏறுகிறதா என்று பார்த்தால் அடையாளம் தெரியும். கேபிளின் போக்கு முழுதாகப் புரியாத இடத்தில் நான் ஓட்டைக்கு அனுமதி எழுதிக் கொடுப்பதில்லை.

கம்பியின் விட்டத்தை ரேடாரில் கேட்காதீர்கள். அதற்குக் கவர் மீட்டர் என்று காந்தப்புலத்தால் கம்பியைப் பார்க்கும் தனிக் கருவி இருக்கிறது.

முப்பரிமாணப் படம் பற்றி ஒரு வார்த்தை. கட்டம் முழுவதையும் சேர்த்து, ஆழம் ஆழமாக வெட்டிக் காட்டும் அந்த வண்ணப் படத்தைப் பார்த்தால் கிளையண்டுக்கு ரொம்பச் சந்தோஷம். பலமான கம்பிகள் அதில் பளிச்சென்று இருக்கும், மங்கலான பைப் வண்ணத்தில் கரைந்துபோயிருக்கும். முடிவை ஒவ்வொரு கோட்டின் மூலப் படத்தைப் பார்த்தே எடுங்கள்.

குறியிடுவது

சாக்பீஸ் வேண்டாம். கோர் கட்டர் தண்ணீர் விட்டபடிதான் வெட்டும், ஒரு நிமிஷத்தில் கோடு கரைந்துவிடும். பெயின்ட் மார்க்கர் அல்லது மெழுகு கிரேயான். கம்பிக்கு ஒரு நிறம், பைப்புக்கு இன்னொன்று, ஆழத்தைக் கோட்டின் பக்கத்திலேயே எழுதுங்கள். தெரியாத இடத்தைக் குறுக்குக் கோடுகளால் நிரப்பி, 'தெரியவில்லை' என்று எழுதிவிடுங்கள். டேப்பை விரித்து வைத்துப் படமெடுங்கள்.

வெட்டக்கூடிய வட்டத்தை நீங்களே வரைவது நல்லது. 15 சென்டிமீட்டர் இடைவெளியில் 12 எம்எம் கம்பி என்றால், நடுவில் 13.8 சென்டிமீட்டர் கிடைக்கும். 10 சென்டிமீட்டர் ஓட்டை சரியாக நடுவில் இறங்கினால் இரு பக்கமும் 1.9 சென்டிமீட்டர் மிஞ்சும். உங்கள் குறியிலும் கட்டர் ஆளின் கையிலும் ஆளுக்கு ஒரு சென்டிமீட்டர் தவறினால் அதுவும் போச்சு. அடி வரிசைக் கம்பி மேல் வரிசைக்கு நேர் கீழேதான் இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

கீழிருந்து ஸ்கேன் செய்து மேலிருந்து வெட்டுவதாக இருந்தால், சுவரிலிருந்து டேப் பிடித்துக் குறியை மாற்றாதீர்கள். மேல் சுவரும் கீழ்ச் சுவரும் ஒரே கோட்டில் இருப்பது அரிது, பூச்சு கனமே இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் காட்டும். வட்டத்தின் நடுவில், எதுவும் இல்லை என்று உறுதியான புள்ளியில், மெல்லிய பிட்டால் நேராக ஒரு சின்ன ஓட்டை ஊடுருவப் போட்டு, அது வெளியே வருகிற இடத்தை நடுவாக வைத்து மேலே வட்டத்தை வரையுங்கள்.