நீச்சல் தடாகத்துக்கு சோலர் சூடாக்கி: அளவு பார்ப்பதில் விடும் தவறுகள்

யாழ்ப்பாணத்து வெயிலில் தடாகத்துக்குச் சூடாக்கியா என்று சிரிக்க வேண்டாம். மார்கழி, தையில் வாடைக்காற்று வீசும் விடியற்காலையில் தண்ணீரில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும். ஆனால் தேவை அந்த இரண்டு மூன்று மாதங்களுக்குத்தான். கூரையில் வைத்த தகட்டின் மெல்லிய குழாய்களினூடாகத் தடாகத் தண்ணீரைப் பம்பால் ஓடவிட்டு வெயிலில் சூடாக்குவதுதான் இந்தச் சூடாக்கி. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் அனுப்பிய கணக்கை அப்படியே இங்கே போட்டால் கூரை நிறையத் தகடும் வீண் செலவும்தான் மிஞ்சும். இங்கே இரண்டு மூன்று பாகை ஏறினாலே போதும்.

தடாகம் எத்தனை லீற்றர் என்று கேட்டுத் தகட்டின் அளவைச் சொல்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள். முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரின் மேற்பரப்பு. சூடு போவது பெரும்பாலும் அந்த வழியால், அதிலும் ஆவியாகி. 10 மீற்றர் நீளம், 5 மீற்றர் அகலம், சராசரி 1.4 மீற்றர் ஆழமுள்ள தடாகத்தை எடுங்கள். காற்றடிக்கும் நாளில் 5 மில்லிமீற்றர் வற்றினால் 250 லீற்றர் போயிற்று. ஒவ்வொரு லீற்றரும் ஏறத்தாழ 0.68 யூனிற் (மின்சாரக் கட்டணத்தில் வரும் அதே யூனிற், கிலோவாற் மணி) வெப்பத்தைக் கொண்டுபோகும். மொத்தம் 170 யூனிற். அவ்வளவு தண்ணீரும் 2 பாகை குளிர அது காணும்.

ஆகவே தகடு வாங்கமுன் இரவில் மூடுவதற்கு ஒரு விரிப்பு வாங்குங்கள். வாடை வரும் பக்கம் மதிலோ கிடுகு வேலியோ இருந்தால் இன்னும் நல்லது. இதற்குப் பிறகு, மேற்பரப்பில் பாதியளவு, அதாவது 25 சதுர மீற்றர் கறுப்புப் பிளாஸ்ரிக் தகடு தாராளம் என்பேன். ஒரே நாளில் சூடேறாது, சில நாள் பொறுக்க வேண்டும். மின்சாரம் தரும் சோலர் தகடு வேறு, இது வேறு. கடையில் குழம்ப வேண்டாம்.

தகட்டைத் தெற்குப் பார்த்து 20, 25 பாகை சரிவில் வையுங்கள். வேப்பமர நிழல் விழும் கூரை சரிவராது.

திரும்பி வரும் தண்ணீர் கையில் சுட வேண்டும் என்று வால்வைக் குறுக்குபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் தகடு கொதித்து, சூட்டைக் காற்றுக்குத்தான் கொடுக்கும். நிறையத் தண்ணீர் ஓடி, ஒன்றிரண்டு பாகை கூடி வந்தால் சரி.

அப்புறம், நம் கிணற்று நீர். கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு தகட்டின் மெல்லிய குழாய்களிலும் படியும். தண்ணீரின் காரத்தன்மையைக் கவனிக்காமல் விட்டால் போட்ட அளவு சில வருடங்களில் பாதி வேலைதான் செய்யும்.

சித்திரையில் தண்ணீர் அளவுக்கு மீறிச் சுட்டால், இரவில் விரிப்பை எடுத்துவிட்டு இதே தகட்டினூடாகப் பம்பை ஓடவிடுங்கள், கொஞ்சம் குளிரும்.