பழைய சிலுவாரும் ஒரு கோலியும்: சும்மா இருக்க முடியாத கைக்கு ஒரு பொம்மை

அக்கா மகன் ஆண்டு மூன்றில் படிக்கிறான். பாடம் நடக்கும்போது அழிப்பானைக் கிள்ளிக் கிள்ளித் தூளாக்குகிறான், பேனாவை டக்கு டக்கு என்று அமுக்கி மற்ற பிள்ளைகளையும் கெடுக்கிறான் என்று பள்ளியிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். "தம்பி, நீ பட்டறையில ஏதேதோ செய்யறியே, இவன் கைக்கு ஒண்ணு செஞ்சு குடேன்" என்றார் அக்கா. எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் (மலேசியா, பேராக்) இதற்கென்று கடை தேடிப் போகவேண்டிய அவசியமே இல்லை, வீட்டிலும் பட்டறையிலும் தூக்கிப் போடுவதே போதும். ஆனால் முதல் தடவை நான் தப்பாகத்தான் செய்தேன்.

செய்தது ஸ்பின்னர், விரலில் பிடித்துச் சுழற்றும் பொம்மை. 2017இல் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கூடை கூடையாகக் குவிந்து கிடந்ததே, அதேதான். மோட்டார் பட்டறையில் கழற்றிப் போட்ட 6201 பேரிங் ஒன்று (உள்ளே குண்டு வைத்த சுழல் வளையம், உள் துளை 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 32, தடிமன் 10), தேய்ந்துபோன சிலிப்பரின் அடிப்பகுதி, ஒரே எடையுள்ள மூன்று நட்டு, அவ்வளவுதான். சிலிப்பரை மூன்று கை வைத்து வெட்டி, நடுவில் பேரிங்கையும் கைக்கு ஒன்றாக நட்டையும் பதிக்கவேண்டும். பேரிங்கின் ரப்பர் மூடியை ஊசியால் நெம்பி எடுத்து, கிரீசை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும், நன்றாகச் சுற்றும். காற்றடிக்கும் குழாயை வைத்துச் சுழற்றிக் காயவைக்காதீர்கள், பேரிங் கெட்டுவிடும், உடைந்து தெறிக்கவும் செய்யும். நடுத் துளையில் சிலிப்பர் துண்டை உருட்டித் திணித்து இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நிற்கும்படி விடுங்கள். விரல் அதைத்தான் பிடிக்கவேண்டும், வெளி வளையத்தில் பட்டால் நின்றுவிடும். தடதடவென்று ஆடினால், நடுவில் பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள், எந்தப் பக்கம் கீழே இறங்குகிறதோ அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் செதுக்குங்கள்.

பயல் அதைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்குப் புத்தகம் திறந்தபடி கிடந்தது. கண்ணையும் சேர்த்து இழுக்கிற சாமான் வகுப்பறைக்கு உதவாது என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது.

அதனால் நீங்கள் எதையும் வெட்டுவதற்கு முன்னால் அந்தக் கையைப் பாருங்கள். மூன்று சாயந்தரம் அவன் பாடம் எழுதும்போது எதிரில் தே ஓவை (பால் சேர்க்காத தேநீர்) வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. கிள்ளுவது பிள்ளைக்கு முக்கியமே இல்லை, கிள்ளிய துணுக்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுகிறான், அதுவும் கீழே பார்க்காமல். அப்படியென்றால் உருளவேண்டும், ஒரு கையில் அடங்கவேண்டும், சத்தம் வரக்கூடாது. உங்கள் வீட்டுப் பிள்ளை அமுக்குகிறதா, தேய்க்கிறதா, முறுக்குகிறதா என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள், பொம்மை அதற்கேற்றபடி மாறும். நாங்கள் தோட்டத்து லய வீட்டில் இருந்த காலத்தில் ரப்பர் கொட்டையை சிமெண்டுத் தரையில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் சூடு வைப்போம். அதுவும் இந்த வகைதான், கொஞ்சம் வில்லங்கமானது.

சரி, உருட்டுவதற்குத் துணிக்குள் ஒரு கோலி. இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்து நடுவில் வளைந்து வளைந்து பாதை விட்டால், விரலால் தள்ளத் தள்ள கோலி ஊர்ந்து போகும். துணிக்கு அவனுக்குச் சிறிதாகிப்போன நீலப் பள்ளிச் சிலுவாரையே (கால்சட்டையையே) எடுத்தேன், மடியில் வைத்திருந்தால் யாருக்கும் தெரியாது.

தையல் மெஷினைத் தொடாதீர்கள், முதலில் ஸ்டேப்லர்தான். துணியில் பாதையை சாக்பீஸால் கோடு போட்டு, கோட்டின் மேலே ஸ்டேப்லர் அடித்து, கோலியைப் போட்டு உருட்டிப் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் நேராகத் தைத்தேன். கோலி 16 மில்லி, பாதை 20 மில்லி, போதும் என்று நினைத்தேன். அசையவே இல்லை. கணக்கு வேறு. 16 மில்லி கோலியின் சுற்றளவு ஏறக்குறைய 50 மில்லி, தட்டையாகக் கிடக்கும் துணிப் பாதை அதில் பாதி, அதாவது 25 மில்லியாவது இருந்தால்தான் கோலி உள்ளே நுழையும், தாராளமாக உருள 30 விடவேண்டும். ஒரு சாயந்தரம் முழுக்கத் தையல் பிரித்துக் கற்றுக்கொண்ட பாடம் இது.

இனி அளவு. 14க்கு 17 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டுங்கள். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சேர்த்து, ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி மூன்று பக்கம் தைத்து, ஒரு குட்டைப் பக்கத்தை மட்டும் திறந்து விட்டுத் திருப்பிப் போட்டு, திறந்த ஓரத்தை 1 சென்டிமீட்டர் உள்ளே மடித்துப் பார்த்தால் 12க்கு 15இல் ஒரு பை கிடைக்கும். நீளவாக்கில் மூன்று தையல் போட்டால் 3 சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு பாதை. ஒவ்வொரு தையலையும் ஒரு முனையில் மூன்றரை சென்டிமீட்டருக்கு முன்பே நிறுத்திவிடுங்கள், முதலாவதும் மூன்றாவதும் மேல் முனையில் (திறந்த பக்கம்), நடுத் தையல் கீழ் முனையில் (மூடிய பக்கம்), அதுதான் கோலி திரும்பும் இடம். மூடிய பக்கத்திலிருந்து தொடங்கும் இரண்டையும் முதலில் தைத்துவிட்டு, கோலியைக் கீழ் மூலைக்குத் தள்ளித் துணிக்கொடிக் கிளிப்பால் கவ்வி வையுங்கள், இல்லையென்றால் மெஷினின் பாதம் கோலியில் ஏறி ஊசி முறியும். எனக்கு இரண்டு ஊசி போயிற்று. அப்புறம் திறந்த ஓரத்தை உள்ளே மடித்து நடுத் தையலையும் மூடும் தையலையும் போடுங்கள். வெளி ஓரம் முழுக்க இரட்டைத் தையல்.

இரட்டைத் தையல் அழகுக்கு இல்லை. பொம்மைப் பாதுகாப்புச் சோதனையில் ஒரு சின்ன உருளை வைத்திருப்பார்கள், உள்விட்டம் 31.7 மில்லி. அதற்குள் முழுதாக அடங்கும் துண்டு எதுவும் மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் பொம்மையில் இருக்கக்கூடாது. கோலி அதில் சுலபமாக அடங்கும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதைச் செய்யவே வேண்டாம். கடித்து மெல்லும் பிள்ளைக்கும் இது சரிப்படாது. கோலிக்குப் பதில் ரப்பர் கொட்டை போடலாமா என்று அக்கா கேட்டார், வேண்டாம், அந்தக் கொட்டையின் வேகவைக்காத உள்பருப்பில் விஷம் உண்டு. பழைய பொம்மையிலிருந்து கழற்றிய காந்தம், பட்டன் பேட்டரி பக்கமும் போகாதீர்கள்.

கொடுத்த பிறகு விளக்கம் சொல்லாதீர்கள், மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நான் வைத்துவிட்டு வந்த பத்தாவது நிமிடம் அவன் அதை இடது கையில் மடக்கி வைத்துக்கொண்டு வலது கையால் எழுதிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் கழித்து, "மாமா, மூலையில மாட்டிக்குது" என்றான். திரும்பும் இடத்தை அரை சென்டிமீட்டர் கூட்டினேன். அடுத்து இரண்டு கோலி கேட்டான், போட்டால் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் வந்தது, ஒன்றை எடுத்துவிட்டேன். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்யுங்கள், இல்லையென்றால் எது உதவியது என்று தெரியாது.

அழுக்கானால் கையால் அலசிக் கொடியில் போடுங்கள். வாஷிங் மெஷினில் அக்கா ஒருமுறை போட்டுவிட்டார், கோலி டிரம்மில் இடிக்கிற சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆச்சி வந்து எட்டிப் பார்த்தார்.