பழைய போன் பில்லில் ‘மா பெல்’ உடைந்த கதையைப் படிப்பது எப்படி

1981ல் கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்தேன். அப்போதிலிருந்து வந்த போன் பில்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. போன மாதம் பேத்திக்குப் பள்ளியில் ஏகபோகம் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். தீர்ப்பு, சட்டம் என்று தேடித் தேடி அவள் களைத்துப் போனதும் அந்த டின்னை இறக்கிக் கொடுத்தேன். உங்கள் கைக்கும் 1980களின் அமெரிக்க போன் பில் கிடைத்தால் இப்படிப் படித்துப் பாருங்கள்.

முதலில் தேதியைப் பாருங்கள். 1984 ஜனவரி 1க்கு முந்தைய பில்லா, பிந்தைய பில்லா என்பதுதான் முக்கியம். முந்தையது என்றால், பெரும்பாலான ஊர்களில் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொத்து. என் பில்லின் தலைப்பில் நியூ ஜெர்சி பெல் என்று இருக்கும். அதன் உரிமையாளர் ஏடி அண்ட் டி. இந்தப் பெரிய குடும்பத்தைத்தான் ‘மா பெல்’, அதாவது பெல் அம்மா, என்று சொல்வார்கள். வெளியூர் அழைப்பும் அவர்களுடையது. வீட்டுக்கு வந்த கருவியைச் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கும் அவர்களுடையதே. இது ஏகபோகம் என்று அமெரிக்க நீதித்துறை 1974ல் ஏடி அண்ட் டி மேல் வழக்குப் போட்டு, 1982 ஜனவரியில் சமரசம் ஆனது. நீதிபதி ஹெரால்ட் கிரீன் அதைத் திருத்தி ஏற்றுக்கொண்டார். அதன்படி 1984 ஜனவரி 1 அன்று 22 உள்ளூர் கம்பெனிகள் தனியாகப் பிரிந்து ஏழு வட்டாரக் கம்பெனிகளின் கீழ் போயின. வெளியூர் அழைப்பு, தொழிற்சாலை, பெல் லேப்ஸ் என்ற ஆராய்ச்சிக்கூடம் மூன்றும் ஏடி அண்ட் டியிடம் நின்றன.

அடுத்து, கருவி வாடகை. அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் போனே வாடகைப் பொருள்தான். மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். பில்களை வரிசையாக அடுக்கி, இந்த வாடகை எந்த மாதத்தோடு நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த வீட்டார் சொந்த போன் வாங்கிய மாதமாக இருக்கும். எங்கள் வீட்டில் அது 1985.

இப்போது வெளியூர் பக்கத்துக்கு வாருங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் பேசிய அழைப்புகள்கூட இரண்டு இடங்களில் சிதறிக் கிடக்கலாம். காரணம், நாட்டையே அழைப்பு வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். வட்டத்துக்குள் பேசினால் உள்ளூர் கம்பெனிக்குக் காசு, வட்டம் தாண்டினால் வெளியூர் கம்பெனிக்கு. அந்தப் பக்கத்தில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்: ஏடி அண்ட் டியா, அதற்குப் போட்டியான வெளியூர் கம்பெனிகள் எம்சிஐயா, ஸ்பிரிண்டா? முன்பெல்லாம் எம்சிஐ வழியாகப் பேச முதலில் ஓர் உள்ளூர் எண், பிறகு ரகசியக் குறியீடு, அதற்கப்புறம் பேச வேண்டிய எண் என்று இருபதுக்கும் மேல் இலக்கங்கள் அழுத்த வேண்டும். 1984 நடுவிலிருந்து ஊர் ஊராக அது மாறியது. எந்தக் கம்பெனி வேண்டும் என்று வீட்டுக்கு வாக்குச்சீட்டு மாதிரி ஒரு தாள் வரும். குறித்து அனுப்பினால் போதும், 1 அழுத்தி நேராகப் பேசலாம். ஒரே ஓர் அழைப்புக்கு மட்டும் ஏடி அண்ட் டி வேண்டுமென்றால் 10288. கடைசி மூன்று இலக்கங்களைப் போன் பொத்தான் எழுத்துகளில் பாருங்கள், ஏ, டி, டி என்று வரும். பேத்திக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 1985 ஜூன் முதல் பில்லில் ஒரு டாலர் புதிதாக முளைத்திருக்கும். அது இணைப்புக் கட்டணம். 1989க்குள் மூன்றரை டாலர் ஆகிவிட்டது. முன்பு வெளியூர் அழைப்பில் வந்த பணம் உள்ளூர்க் கம்பியின் செலவைத் தாங்கிக்கொண்டிருந்தது. வெளியூர் விலையில் போட்டி வந்ததும் அந்தச் செலவின் ஒரு பகுதி வீட்டுக்காரர் தலையில் வந்தது. எங்களைப் போல தூரத்துச் சொந்தங்களோடு பேசுகிறவர்களுக்கு மொத்தத்தில் லாபம். தெருக்கோடி மளிகைக் கடைக்கும் டாக்டருக்கும் மட்டும் போன் செய்த வயதானவர்களுக்கு அந்த லாபம் இல்லை, இந்தக் கட்டணம் மட்டும் உண்டு. பிரித்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அந்த ஒரு டாலரைப் பார்க்காமல் யாரும் அப்படிச் சொல்லக் கூடாது. அதனால் வெளியூர் மொத்தத்தையும் இந்தக் கட்டணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, வருடத்துக்கு ஒரு பில் வீதம் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, தலைப்பில் உள்ள பெயரை வைத்து வம்சாவளி வரையுங்கள். நியூ ஜெர்சி பெல், அந்த ஏழு வட்டாரக் கம்பெனிகளில் ஒன்றான பெல் அட்லாண்டிக்கின் கீழ் போனது. நைனெக்ஸ், சவுத்வெஸ்டர்ன் பெல், பசிபிக் டெலிசிஸ், அமெரிடெக், பெல்சவுத், யூஎஸ் வெஸ்ட் ஆகியவை மற்ற ஆறு. பெல் அட்லாண்டிக் 1997ல் நைனெக்ஸை வாங்கியது, 2000ல் ஜிடிஇ என்ற வேறொரு போன் கம்பெனியோடு சேர்ந்து வெரைசான் ஆனது. டெக்சாஸ் பக்கத்துச் சவுத்வெஸ்டர்ன் பெல், எஸ்பிசி என்று பெயர் மாற்றிக்கொண்டு பசிபிக் டெலிசிஸையும் அமெரிடெக்கையும் வாங்கியது. 2005ல் தாய்க் கம்பெனியான ஏடி அண்ட் டியையே வாங்கி, அந்தப் பெயரையும் எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு பெல்சவுத்தும் அதில் சேர்ந்தது. யூஎஸ் வெஸ்ட் மட்டும் க்வெஸ்ட் வழியாக செஞ்சுரிலிங்க்கிடம் போனது. தாளின் வலது பக்கத்தில் பெல் லேப்ஸுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். 1996ல் லூசென்ட், 2006ல் அல்காடெல், 2016ல் நோக்கியா என்று அந்தக் கோடு பின்லாந்து வரை போகும்.