குரோஷா செருப்பு: முதல் ஜோடியில் நடக்கும் தவறுகள்

போன வாரம் பக்கத்து லைன் வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "அக்கா, ஒண்ணு முடிச்சிட்டேன், பாருங்க!" கையில், குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னலில், கருநீலக் கம்பளியில் ஒற்றைச் செருப்பு. அழகாகத்தான் இருந்தது. முனை உருண்டையாக, குதிகால் மடிப்பு நேராக. நூலை அறுத்து, வால்நுனியை உள்ளே செருகி, மேலே ஒரு மரப் பொத்தான்கூடத் தைத்திருந்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "முன்பக்கம் எத்தனை சுற்று போட்டே?" அவள் முகம் வாடிவிட்டது. "எண்ணலையே அக்கா. கால்ல மாட்டிப் பாத்துப் பாத்துப் போட்டேன்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் முதல் ஜோடியில் நான் செய்ததும் இதேதான். என்னிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் இதையே செய்திருக்கிறார்கள்.

ஊசி பிடிக்கத் தடுமாறுவது, நூல் சிக்குவது, முதல் செயின் (சங்கிலிக் கண்ணி) இறுகிப்போவது எல்லாம் நாலு நாளில் தானே சரியாகிவிடும். அவற்றை இங்கே எழுதவில்லை. கை பழகிய பிறகும் போகாத தவறுகள் சில உண்டு. அவை நூலையும் பொழுதையும் தின்றுவிடும்.

நான் கற்றுக்கொடுக்கும் செருப்பு மிக எளிது. நடுத்தரக் கனமுள்ள அக்ரிலிக் நூல், 4 மி.மீ. ஊசி, முழுக்க சிங்கிள் குரோஷே என்னும் குட்டையான, நெருக்கமான பின்னல். செருப்பின் விரல் முனையில் தொடங்கி, மேஜிக் ரிங்கில் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 6 கண்ணி. பிறகு சுற்றுக்கு ஆறாகக் கூட்டி 12, 18, 24, 30. அதன்பின் கூட்டாமல் 30 கண்ணியிலேயே சுற்றிக்கொண்டு போனால் முன்பக்கம் ஒரு தொப்பி போல வரும். மொத்தம் 16 சுற்று ஆனதும் கால் நுழையும் வாய்க்காக 8 கண்ணியை விட்டுவிட்டு, மீதி 22 கண்ணியில் போய்வந்து 20 வரிசை. அடிப்பாகமும் பக்கச்சுவரும் இதில்தான் வரும். கடைசியில் இரண்டாக மடித்துக் குதிகாலைத் தைத்துவிட வேண்டியதுதான். பெண்களுக்கான நடுத்தர அளவு இது.

ஒன்றை முழுதாக முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குவது

மஃப்ளர் ஒரு அங்குலம் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. குல்லாய் கொஞ்சம் பெரிதானால் மடித்துவிடலாம். செருப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒற்றைச் செருப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பாதி வேலை, அதுவும் சுலபமான பாதி. அதே மாதிரி இன்னொன்று போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் முதல் ஜோடியைக் குன்னூரில் அம்மாவுக்காகப் பின்னினேன். டிசம்பர் மாதம். ஊட்டிப் பக்கம் உறைபனி விழுகிற நாட்களில் எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமெண்டுத் தரையில் காலை வைக்கவே முடியாது. அம்மாவின் கால் 23.5 செ.மீ. முதல் செருப்பு 21.5 செ.மீ. வந்தது. கம்பளி இழுத்துக்கொடுக்கும் என்பதால் காலில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதே பெருமையில் நூலை அறுத்தேன். எதையும் எழுதி வைக்கவில்லை. நாலு நாள் கழித்து இரண்டாவதை முடித்து இரண்டையும் சேர்த்து வைத்தால், புதியது 23 செ.மீ. நீளம். ஒன்றரை செ.மீ. வித்தியாசம்! அம்மா போட்டு நடந்தபோது ஒரு கால் பிடித்திருந்தது, மறு கால் குதிகாலில் கழன்று கழன்று வந்தது.

உட்கார்ந்து இரண்டையும் ஒவ்வொரு வரிசையாக எண்ணினேன். முதலாவதில் 36, இரண்டாவதில் 37. ஒரு வரிசை ஏறத்தாழ 6 மி.மீ. அப்படியானால் மீதி 9 மி.மீ. எங்கிருந்து வந்தது?

கையிலிருந்து. புதிதாகப் பின்னுகிறவர் நூலைப் பயந்து இறுக்கிப் பிடிப்பார். முதல் செருப்பு முடிவதற்குள் பயம் போய்விடும், விரல் தளரும். இரண்டாவதில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு இம்மி உயரமாக விழும். வரிசைக்குக் கால் மி.மீ. கூடினாலே 36 வரிசையில் 9 மி.மீ. கண்ணால் பார்த்தால் தெரியவே தெரியாது. இதனால்தான் ஆரம்பநிலைக்காரர்களின் இரண்டாவது செருப்பு பெரும்பாலும் பெரிதாகவே வருகிறது. எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும் இது நடக்கும்.

நான் அதைப் பிரித்து மறுபடி போட்டேன். இந்த முறை 'இறுக்கமாகப் போட வேண்டும்' என்று நினைத்து நினைத்துப் போட்டதில் 21 செ.மீ. வந்தது. மறுபடி பிரித்தேன். இரண்டு முறை பிரித்த அக்ரிலிக் பொசுபொசுவென்று பஞ்சு கிளம்பி, பிரிக்காத முதல் செருப்புப் பக்கத்தில் வைத்தால் கழுவித் தேய்த்த பழையது போல இருந்தது. கடைக்குப் போய் அதே நிற எண்ணில் இன்னொரு உருண்டை வாங்கினேன். நிற எண் ஒன்றுதான், ஆனால் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்கான எண்) வேறு. கடையின் டியூப்லைட்டில் ஒன்று போலத் தெரிந்த நிறம் வாசல் வெயிலில் வேறாகத் தெரிந்தது. கடைசியில் அந்தப் புது உருண்டையிலிருந்தே இரண்டையும் புதிதாகப் பின்னினேன். இரண்டு வாரம். அதுவரை அம்மா அப்பாவின் பழைய சாக்ஸை இரண்டாகப் போட்டுக்கொண்டு நடந்தார். அது இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

இந்தத் தவறு முழுக்கத் தவிர்க்கக்கூடியது. அதனால்தான் யாராவது ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தால் எனக்குக் கோபமும் பரிதாபமும் சேர்ந்து வருகிறது.

நூலை வாங்கியதும் சமையலறைத் தராசில் வைத்து இரண்டு சம உருண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். 100 கிராம் என்றால் ஐம்பது ஐம்பது. பின்னத் தொடங்குமுன் கை ஓடுவதற்காக ஒரு முன்தொப்பியை மட்டும் 10 சுற்று வரை பின்னிப் பிரித்துவிடுங்கள். இந்தப் பயிற்சிக்கு வீட்டில் கிடக்கும் வேறு நூல் போதும். பிறகு வலதின் முன்தொப்பி, உடனே இடதின் முன்தொப்பி. வலதின் கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்தி அப்படியே நிறுத்துங்கள், நூலை அறுக்க வேண்டாம். இரண்டு தொப்பியும் ஒன்றுக்குள் ஒன்று சரியாக உட்கார்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடிப்பாகத்துக்குப் போக வேண்டும். அதிலும் வலதில் 10 வரிசை, இடதில் 10 வரிசை, திரும்ப வலது. கை தளர்ந்தால் இரண்டிலும் சேர்ந்தே தளரும்.

ஒரு சிறு நோட்டு பக்கத்தில் இருக்கட்டும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: 'ஊசி 4. கூட்டல் 5 சுற்று, 30 கண்ணி. நேர்ச் சுற்று 11. வாய் 8. வரிசை 20.' லாட் எண் அச்சிட்ட காகிதப் பட்டையையும் அதே பக்கத்தில் ஒட்டிவிடுவேன். இவ்வளவு செய்தும் இரண்டாவது தளர்ந்து வந்தால் கையை வலிந்து இறுக்காதீர்கள். அரை மி.மீ. சிறிய ஊசிக்கு மாறுங்கள். வலிந்து இறுக்கிய கை பத்து நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், ஊசி மாறாது.

ஓரக் கண்ணியைத் தொலைப்பது

சுற்றாகப் பின்னும்போது எண்ணிக்கை தவறுவது குறைவு. சுற்றின் முதல் கண்ணியில் ஊக்கு மாட்டி நகர்த்திக்கொண்டே போனால் போதும். போய்வரும் வரிசைகளில்தான் தொல்லை. 22 இருந்தது 20 ஆகும், பிறகு 18 ஆகும், செருப்பின் பக்கச்சுவர் குதிகாலை நோக்கி இளைத்துக்கொண்டே போகும்.

பின்னிய துண்டை மேலிருந்து பாருங்கள். விளிம்பு சடை பின்னியது போலத் தெரியும். அந்தச் சடையின் ஒவ்வொரு கண்ணும் ஒரு கண்ணி. கடைசிக் கண் மட்டும் வளைந்து பின்பக்கமாக ஒளிந்துகொள்ளும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வரிசையின் முதல் கண்ணியைப் போட்டதுமே அதில் ஒரு ஊக்கு மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது அதுதான் கடைசிக் கண்ணி, கண்ணில் படாமல் போகாது. சிங்கிளில் திரும்பும்போது போடும் ஒரு செயினைக் கண்ணியாக எண்ணக் கூடாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

'டபுள்' எந்த ஊர் டபுள் என்று பார்க்காதது

ஒரே பின்னலுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். எனக்குச் சொல்லிக்கொடுத்த கான்வென்ட் சிஸ்டர் பிரிட்டிஷ் பெயர்களில் சொல்லிக்கொடுத்தார். யூடியூப் வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள். பிரிட்டிஷ் டபுள் குரோஷே என்பது அமெரிக்க சிங்கிள். அமெரிக்க டபுள் என்பது பிரிட்டிஷ் ட்ரெபிள். பழைய பிரிட்டிஷ் பின்னல் குறிப்பை வைத்துக்கொண்டு அமெரிக்க டபுள் போட்டால், வரிசை ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரமாக வரும். அதைவிடப் பெரிய கேடு, கண்ணிகளுக்கு இடையில் ஓட்டை விழுவது. பெருவிரல் வெளியே வந்துவிடும். குறிப்பில் சிங்கிள் குரோஷே என்ற பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கக் குறிப்பு. சந்தேகமாக இருந்தால் படத்தைப் பாருங்கள். செருப்பு நெருக்கமாக, ஓட்டை இல்லாமல் இருக்கிறதா? சிங்கிள்தான்.

லேஸ் பின்னும் மெல்லிய எஃகு ஊசி

கம்பளிக்கு ஆகாது.

பருத்தி நூல்

வெயிலூரில் கைப்பைக்கு நல்லது. செருப்புக்கு வேண்டாம், ஒரு வாரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும்.

உட்கார்ந்துகொண்டு அளவெடுப்பது

நிற்கும்போது உடல் எடை இறங்கிப் பாதம் விரியும், நீளும். காகிதத்தின் மேல் நிற்க வைத்து, குதிகாலிலிருந்து மிக நீளமான விரல் வரை அளவெடுங்கள். அதிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. குறைத்துப் பின்னுங்கள். காலுக்குச் சரியான நீளத்தில் பின்னிய செருப்பு பத்து நாளில் பெரிதாகிவிடும்.

அடியில் முடிச்சு

நூல் தீர்ந்த இடத்தில் முடிச்சுப் போடாதீர்கள். புது நூலை அப்படியே சேர்த்துப் பின்னி, இரண்டு வால்நுனிகளையும் ஒரு சாண் நீளம் விட்டு, பிறகு மொட்டை ஊசியால் முன்னும் பின்னுமாகச் செருகிவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குப் பின்னுவதாக இருந்தால் இது மிக மிக முக்கியம். மிளகளவு முடிச்சு உறுத்துவதே அவர்களுக்குத் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியவரும். அவர்களுக்குக் குதிகால் தையலையும் வெளிப்பக்கம் வரும்படி தைத்துக்கொடுக்கிறேன்.

இஸ்திரிப் பெட்டி

அக்ரிலிக்கின் மேல் வைக்கவே கூடாது.

தரையை மறப்பது

கம்பளி அடிப்பாகம் மொசைக்கிலும் டைல்ஸிலும் வழுக்கும். அம்மா புதுச் செருப்போடு சமையலறைக்குள் திரும்பியபோது கால் சறுக்கியது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். அன்றே செருப்பை வாங்கி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அடி ஒட்டாமல் எந்தச் செருப்பையும் யார் காலுக்கும் கொடுப்பதில்லை.

ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் பூசுகிற சிலிகானை அடிப்பாகத்தில் விரல் இடைவெளிக்கு ஒரு பொட்டாக வைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டால் நல்ல பிடிப்பு வரும். சிறுவர்களுக்கு இது போதும். வயதானவர்களுக்கு மெல்லிய ரப்பர் அல்லது தோல் துண்டைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஓரம் முழுக்க ஓட்டைபோட்டு வாங்கி, அந்த ஓட்டைகள் வழியாக அதே நூலால் இணைத்துவிடுவேன். ஈரத் தரையில் இதுவும் நிற்காது என்பதால் அம்மாவின் ஜோடி குளியலறை வாசலுக்கு வெளியே சாக்குமிதியடியின் மேல்தான் கழற்றப்படும்.