பாம் செடியின் நுனி காய்ந்தால் உடனே பூவாளியைத் தூக்காதீர்கள்

வீட்டுக்குள் வைத்திருக்கும் பாம் செடியில் ஓலை நுனி பழுப்பாகக் காயத் தொடங்கினால் நாம் செய்யும் முதல் காரியம் தண்ணீர் ஊற்றுவது. என் முதல் அரிகா பாமை நான் கொன்றதும் அப்படித்தான். நுனி காய்ந்தது, ஊற்றினேன். இன்னும் காய்ந்தது, இன்னும் ஊற்றினேன். மஞ்சளானது, பசி போலிருக்கிறது என்று உரமும் போட்டேன். மூன்றாவது மாதம் நடுக்குருத்தைப் பிடித்து லேசாக இழுத்தேன், அடிப்பக்கம் கொழகொழவென்று சாக்கடை வாடையோடு அப்படியே கையில் வந்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தால் வேரெல்லாம் கருத்து, விரலில் நசுக்கினால் தோல் கழன்று உள்ளே நூல் மாதிரி ஒன்றுதான் மிச்சம். அழகாக இருக்கிறதே என்று வாங்கிய அந்தப் பீங்கான் தொட்டிக்கு அடியில் ஓட்டையே இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், தண்ணீர் கிடைக்காத செடியும் தண்ணீரில் மூழ்கிய செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். மண்ணில் காற்று போக இடமில்லாமல் வேர் அழுகிவிட்டால், சுற்றிலும் ஈரம் இருந்தும் உறிஞ்ச ஆளில்லை, ஓலை காயத்தான் செய்யும். அதனால் ஓலையைப் பார்த்து முடிவெடுக்காமல் மண்ணைப் பாருங்கள். விரலை நான்கைந்து சென்டிமீட்டர் உள்ளே விடுங்கள். அந்த ஆழத்தில் ஈரம் தட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். கொஞ்ச நாள் பழகியபின் தொட்டியைச் சற்றே தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம், நனைந்த தொட்டிக்கும் காய்ந்த தொட்டிக்கும் கனத்தில் அவ்வளவு வித்தியாசம் இருக்கும். 'வாரம் இருமுறை' என்று கிழமை குறித்து ஊற்றுவதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம். வெளிச்சம் குறைந்தால், குளிர் வந்தால், மண் தொட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் தொட்டி என்றால், அதே செடி பாதித் தண்ணீரில் ஓட்டிவிடும். நாட்காட்டிக்கு அது தெரியாது.

ஊற்றும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தினம் அரை டம்ளர் என்று மேலாக நனைத்தால் மேல்மண் மட்டும் சதா ஈரமாக இருக்கும், அடிவேர் காய்ந்து கிடக்கும், தண்ணீரில் வரும் உப்பும் வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். அடித்துளை வழியாக ஒழுகும் வரை ஊற்றுங்கள், அரைமணி நேரம் கழித்து தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுங்கள். ஓட்டையில்லாத அழகுத் தொட்டிதான் வேண்டும் என்றால், ஓட்டையுள்ள சாதாரணத் தொட்டியில் செடியை வைத்து அதை இதற்குள் இறக்கி வையுங்கள். ஆனால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

'அடியில் ஜல்லி போட்டுவிட்டேனே' என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அதனால் வடிகால் ஒன்றும் அதிகமாகிவிடாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது, மண்ணின் அடிப்பகுதி சொதசொதவென்று ஊறும் வரை அங்கேயே நிற்கும். ஜல்லி போட்டதில் நடந்தது இவ்வளவுதான், ஊறிப்போன அந்த அடுக்கு இன்னும் கொஞ்சம் மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அதற்குப் பதில் மண்கலவையையே பொலபொலவென்று வையுங்கள். தேங்காய் நார்த்தூளோடு பெர்லைட்டோ (கனமில்லாத வெள்ளைக் குருணை) பருமணலோ தாராளமாகக் கலந்து, கொஞ்சம் மட்கிய உரம் சேர்த்தால் போதும். வெறும் தோட்டத்து மண்ணைப் போட்டு அமுக்கினால் சில மாதத்தில் செங்கல் ஆகிவிடும்.

அடுத்தது வெளிச்சம். விற்பவர்கள் எல்லோரும் 'நிழலிலேயே வளரும்' என்றுதான் சொல்வார்கள். நிழலைத் தாங்குவது வேறு, நிழலில் வளர்வது வேறு. பார்லர் பாம் மெக்சிகோ, குவாத்தமாலா காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளர்வது, அதற்கு மங்கலான அறை ஓரளவு பழக்கம்தான். ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவிலிருந்து வந்த கெண்டியாவும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மடகாஸ்கரிலிருந்து வந்த அரிகாவை ஜன்னலே இல்லாத மூலையில் வைத்தால் அது வளர்வதில்லை, சேமிப்பைத் தின்றுகொண்டு நிற்கிறது. மெஜஸ்டி பாம் இன்னும் மோசம். அதுவும் மடகாஸ்கர்தான், ஆற்றோரத்தில் வெளிச்சமும் ஈரமுமாக வளர்கிற செடி. கடையில் பச்சைப்பசேலென்று நின்று ஆசைகாட்டும், இருட்டு அறைக்கு வந்தால் சில மாதத்திலேயே ஓலை ஓலையாகப் போகும். என்னைக் கேட்டால் முதன்முதலாக வாங்குபவர்கள் மெஜஸ்டி பக்கம் போகவே வேண்டாம்.

சரி, வெளிச்சம் போதவில்லை என்று தெரிந்ததும் ஒரே நாளில் தூக்கிக்கொண்டுபோய் உச்சிவெயிலில் வைப்பது இன்னொரு தவறு. நிழலில் விரிந்த ஓலைக்கு வெயிலைத் தாங்கும் சக்தி கிடையாது, ஒரே மதியத்தில் வெளுத்துப் பின் பழுப்புத் திட்டாகிவிடும், அந்தத் திட்டு திரும்பப் பச்சையாகாது. இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். காலை இளவெயிலோ மெல்லிய திரை வழியாக வரும் வெளிச்சமோ போதும். கடையிலிருந்து வந்த புதுச்செடி முதல் இரண்டு மாதத்தில் அடி ஓலைகள் சிலவற்றை உதிர்ப்பது இயல்பு, பயந்துபோய் மண் மாற்றி, இடம் மாற்றி, உரம் போட்டு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள்.

பாம் செடி தாமதமாகத்தான் பதில் சொல்லும். வீட்டுக்குள் கெண்டியா ஓர் ஆண்டில் இரண்டு மூன்று ஓலை விட்டாலே அதிகம். இன்று நீங்கள் பார்க்கிற மஞ்சள் சில வாரங்களுக்கு முன் நடந்ததன் விளைவாக இருக்கலாம், இன்று செய்த மாற்றத்தின் பலன் அடுத்த குருத்து விரியும்போதுதான் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது காப்பாற்றியது, எது கெடுத்தது என்றே தெரியாது.

மஞ்சளிலும் எல்லாம் நோய் இல்லை. அரிகாவின் தண்டும் ஓலைக்காம்பும் இயற்கையிலேயே மஞ்சள் கலந்த நிறம், மேலே மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகளும் இருக்கும். அதைப் பூச்சி என்று நினைத்துச் சுரண்டிச் சுரண்டித் தண்டைப் புண்ணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நகத்தால் தள்ளினால் நகர்ந்தால், அல்லது ஒட்டியிருந்த மேடு பெயர்ந்து வந்தால் மட்டும் கவலைப்படுங்கள், அது செதில்பூச்சி.

அடி ஓலை மெல்ல மஞ்சளாகிக் காய்வதும் தென்னையில் பழுத்த மட்டை விழுவது மாதிரிதான். ஆனால் இங்கே கை பரபரக்கும். பாதி மஞ்சளானதையெல்லாம் வெட்டிவிட்டு 'சுத்தமாயிற்று' என்று பார்ப்போம். சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைந்தால் செடி பழைய ஓலையிலிருந்து அதை எடுத்துத்தான் புதுக்குருத்துக்கு அனுப்புகிறது. அந்தப் பழைய ஓலையை வெட்டினால் அது அடுத்த வரிசை ஓலையிலிருந்து உறிஞ்ச ஆரம்பிக்கும், வெட்ட வெட்ட மஞ்சள் மேலே ஏறும். முழுதாகப் பழுப்பாகும் வரை விட்டுவையுங்கள். எப்சம் உப்பைச் சர்வரோக நிவாரணி மாதிரி போடுவதும் இதே கதைதான். அது தருவது மக்னீசியம், உண்மையில் குறைந்திருப்பது சாம்பல்சத்து என்றால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நுனிக்கு வருவோம். மண் ஈரம் சரியாக இருந்தும் நுனி மட்டும் கருகினால் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரின் தரம், உரத்தின் அளவு, ஏசி அல்லது ஹீட்டர் நேராக ஊதுவது, இவற்றை. மேல்மண்ணில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது உப்பு. மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு மூன்று மடங்கு ஊற்றி வடிய விடுங்கள். குழாய்த்தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் ஓரளவு போகும், ஃபுளோரைடு போகாது, உப்பும் போகாது, கொதிக்க வைத்தால் இன்னும் செறிவாகத்தான் ஆகும். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. காய்ந்த நுனியைக் கத்தரிக்கும்போது பச்சை வரை வெட்டாமல் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்றை விட்டுவிடுங்கள், பச்சையில் கத்தி பட்டால் அங்கிருந்து மறுபடி காயும்.

உயரம் கூடிவிட்டது என்று தலையைக் கிள்ளிவிடுகிறவர்களும் உண்டு. செம்பருத்தியைக் கிள்ளினால் பக்கக்கிளை வரும், இது அப்படியில்லை. தென்னைக்கும் பனைக்கும் போலவே ஒவ்வொரு தண்டுக்கும் ஒரே குருத்துதான். அது போனால் அந்தத் தண்டு போயிற்று. அரிகா, லேடி பாம் மாதிரி கூட்டமாக வருபவற்றில் தூரிலிருந்து வேறு தண்டு வரும், கெண்டியா மாதிரி ஒற்றைத் தண்டுக்கு அதுவும் இல்லை. விரியாத குருத்தைக் கையால் பிரித்துவிடுவதும் வேண்டாம்.

தொட்டியை மாற்றுவதில் அவசரம் வேண்டாம். துளை வழியாக வேர் எட்டிப்பார்க்கும்போது, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே ஒரு அளவு பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் காயாமல் புளித்துப்போகும். ஒரு தொட்டியில் பத்து இருபது கன்று நெருக்கி நட்டிருப்பதைப் பார்த்து ஆசையாகப் பிரித்து நடுவோம், பாதி பிழைக்காது.

பூச்சிக்கு வருடம் முழுக்க ஒரே சோதனை. வெள்ளைத்தாளை ஓலைக்கு அடியில் பிடித்து இரண்டு தட்டு தட்டுங்கள். விழுந்த தூசியில் புள்ளிகள் நடக்க ஆரம்பித்தால் சிலந்திப்பேன். வறண்ட காற்றில் இது வெகு வேகமாகப் பெருகும், ஓலையின் மேல் ஊசியால் குத்தியது போல் வெளிர் புள்ளிகளும், முற்றினால் மெல்லிய வலையும் தெரியும். குளியலறைக்குத் தூக்கிப்போய் ஓலையின் அடிப்பக்கத்தை நன்றாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், சில நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை. வேப்பெண்ணெய் தெளித்த செடியை வெயிலில் வைக்காதீர்கள். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டவே வேண்டாம். பளபளப்பு ஸ்பிரேயும் அப்படித்தான், ஈரத்துணியால் துடைத்தால் அதைவிட நன்றாக இருக்கும். தினமும் தண்ணீர் தெளிப்பதால் ஈரப்பதம் சில நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

காற்றைச் சுத்தப்படுத்தும் என்பதற்காக மட்டும் வாங்குகிறீர்களா? அந்தப் பேச்சு 1989இல் வெளியான நாசா ஆய்விலிருந்து பரவியது, அது மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்த சோதனை. காற்றோட்டமுள்ள சாதாரண அறையில் அதே பலன் வேண்டுமென்றால் வீட்டைக் காடாக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று, பூனையோ நாயோ இருக்கும் வீட்டுக்கு. அரிகா, கெண்டியா, பார்லர் மூன்றும் அவற்றுக்கு நஞ்சு இல்லை. ஆனால் 'சேகோ பாம்' என்று கடையில் அடுக்கி வைத்திருப்பார்களே, குட்டையாக, விறைப்பான ஓலையோடு, அது பாம் இனமே இல்லை, சைகஸ் என்ற வேறு இனச் செடி. அதன் விதை உட்பட எல்லாப் பாகமும் நஞ்சு, கொஞ்சம் மென்றாலே கல்லீரல் கெட்டு நாய் செத்துப்போகலாம். பெயரில் பாம் இருக்கிறதே என்று அதை நம்பி வாங்கிவிடாதீர்கள்.