நோ-கேஷ் என்றால் ‘சேமிக்காதே’ என்று பொருளல்ல

கோப்புப் பெயரிலேயே ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) இருக்கும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் (நகலை எப்படிச் சேமிக்கலாம் என்று சர்வர் பதிலோடு அனுப்பும் குறிப்பு) ‘மேக்ஸ்-ஏஜ்=31536000, இம்யூட்டபிள்’ என்று தாராளமாகக் கொடுக்கலாம்; ஓராண்டுக்கான விநாடிக் கணக்கு அது. அவற்றை அழைக்கும் ஹெச்டிஎம்எல் பக்கத்துக்கும் இதையே வைத்துவிடாதீர்கள். புதிய பதிப்பை ஏற்றிய பிறகும் பிரவுசர் பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அங்கே ‘நோ-கேஷ்’, கூடவே ஈடேக் (பக்கத்தின் பதிப்பைக் காட்டும் அடையாளம்). பெயர்தான் குழப்பும்: நோ-கேஷ் சேமிக்க விடும், ஆனால் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்ட பிறகே பயன்படுத்தச் சொல்லும். பக்கம் மாறவில்லையென்றால் உள்ளடக்கம் இல்லாத 304 பதில் மட்டும் வரும். அறவே சேமிக்கக் கூடாதென்றால் ‘நோ-ஸ்டோர்’. லாகின் செய்தவருக்கான பக்கத்தில் ‘பிரைவேட்’ (அவரது பிரவுசர் மட்டுமே சேமிக்கலாம்) விடுபட்டால், பக்கங்களின் நகலை வைத்துப் பலருக்கும் வழங்கும் இடைச் சர்வரான சிடிஎன் ஒருவரின் பக்கத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.