செவிலியத் தகவலியல்: முதலாண்டு மாணவர்கள் எங்கிருந்து தொடங்கலாம்?

பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் செமஸ்டரில் உடல்நலத் தகவலியலும் தொழில்நுட்பமும் ஒரு தனிப் பாடம். இந்திய செவிலியர் மன்றம் 2021இல் வெளியிட்ட திருத்திய பாடத்திட்டம் இதற்கு வகுப்பறையில் 40 மணி நேரமும் ஆய்வகத்தில் 40 மணி நேரமும் ஒதுக்குகிறது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர் பக்கத்துப் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்துவிட்டு நர்சிங் சேரும் மாணவர்கள் பலர், உடற்கூறியலுக்குக்கூட அஞ்சுவதில்லை. ஆனால் இந்தப் பாடத்தின் பெயரைக் கேட்டதும் "எங்களுக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது மேடம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். படுக்கையருகே நின்று நீங்கள் எண்ணிய மூச்சு எண்ணிக்கை எங்கே பதியப்படுகிறது, யார் கண்ணில் படுகிறது, அதைப் பார்த்து யார் என்ன முடிவெடுக்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்தப் பாடம். நோயாளியைக் கவனிக்கத் தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

படி 1: கணினியைத் தொடாமல் ஒரு வரைபடம்

ஒரு முழுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் தொடங்கி, வீட்டுக்கு அனுப்பும் சுருக்கத்தில் முடியும்வரை ஒரு நோயாளியின் தகவல் போகும் வழியை அம்புக்குறிகளால் வரையுங்கள். பதிவு எண், வார்டு கேஸ் ஷீட், இரத்தப் பரிசோதனைச் சீட்டு, மருந்து கேட்டு மருந்தகத்துக்குப் போகும் இன்டென்ட், டூட்டி மாறும்போது சொல்லும் ஒப்படைப்பு எல்லாம் அதில் வரட்டும். ஒரே விவரம் இரண்டு இடங்களில் எழுதப்படுகிறதா? அங்கே சிவப்பு மையால் வட்டமிடுங்கள். வாய்மொழியாக மட்டும் போகும் இடங்களுக்கு நீல வட்டம். தகவல் தவறுவது பெரும்பாலும் இந்த வட்டங்களில்தான். அடுத்த படிகளில் கற்கும் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு வட்டத்துக்கான மருந்து.

படி 2: வைட்டல்ஸ் தாளை நீங்களே உருவாக்குங்கள்

மூச்சு, பல்ஸ், பி.பி., வெப்பம் போன்ற அளவுகளைத்தான் வைட்டல்ஸ் என்கிறோம். இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். எக்செல், கூகுள் ஷீட்ஸ், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ், எது இருந்தாலும் போதும்.

முதல் வரிசையில் தலைப்புகள்: தேதி, கவனித்த நேரம், மூச்சு, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் கொடுக்கப்படுகிறதா, பி.பி. மேல் எண், பி.பி. கீழ் எண், பல்ஸ், உணர்வுநிலை, வெப்பம் ஃபாரன்ஹீட்டில், வெப்பம் செல்சியஸில்.

பி.பி.யை ஏன் இரண்டாகப் பிரித்தேன்? கேஸ் ஷீட்டில் 120/80 என்று எழுதுவது நம் பழக்கம். அதையே ஒரு கட்டத்தில் தட்டினால் மென்பொருள் அதை எண்ணாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். பிறகு சராசரி பார்க்கவும் முடியாது, வரைபடம் போடவும் முடியாது. தேதியிலும் இதே சிக்கல் உண்டு. 5/7 என்பதை ஜூலை 5 என்று நாம் படிப்போம். அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி மே 7 என்று படிக்கும். அமைப்புப் பக்கத்தில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

நம் வார்டுகளில் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுப்பதுதான் வழக்கம். அடுத்து நாம் செய்யப்போகும் கணக்கோ செல்சியஸில் இருக்கிறது. ஃபாரன்ஹீட் எண்ணில் 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுக்கும் சூத்திரத்தைப் பக்கத்துக் கட்டத்தில் போடுங்கள். விடையை ஒரு தசம இடத்துக்குச் சுருக்கவும் மறக்காதீர்கள். 100.5 டிகிரியை மாற்றினால் 38.06 வரும். சுருக்கினால் 38.1. இந்தச் சிறு வித்தியாசம் ஒரு மதிப்பெண்ணையே மாற்றிவிடும் என்பதை இதோ பார்க்கப்போகிறீர்கள்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்று உண்டு, நியூஸ்-2 என்பார்கள். வைட்டல்ஸ் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டி, நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று முன்கூட்டியே காட்டும் முறை இது. புதிய தாள் ஒன்றில் அதன் எல்லைகளைப் பட்டியலாக எழுதுங்கள். ஒவ்வொரு நிலையும் எந்த எண்ணில் தொடங்குகிறது, அதற்கு என்ன மதிப்பெண் என்று மட்டும் எழுதினால் போதும். ‘9 முதல் 1’ என்றால், 9இல் தொடங்கும் நிலைக்கு 1 மதிப்பெண்.

மூச்சு: 0 முதல் 3 மதிப்பெண், 9 முதல் 1, 12 முதல் 0, 21 முதல் 2, 25 முதல் 3.
ஆக்சிஜன் அளவு: 0 முதல் 3, 92 முதல் 2, 94 முதல் 1, 96 முதல் 0.
பி.பி. மேல் எண்: 0 முதல் 3, 91 முதல் 2, 101 முதல் 1, 111 முதல் 0, 220 முதல் 3.
பல்ஸ்: 0 முதல் 3, 41 முதல் 1, 51 முதல் 0, 91 முதல் 1, 111 முதல் 2, 131 முதல் 3.
வெப்பம் செல்சியஸில்: 0 முதல் 3, 35.1 முதல் 1, 36.1 முதல் 0, 38.1 முதல் 1, 39.1 முதல் 2.

ஆக்சிஜன் கொடுக்கப்பட்டால் 2 மதிப்பெண். நல்ல விழிப்பு நிலை என்றால் 0. புதிதாக வந்த குழப்பம், கூப்பிட்டால் மட்டும் விழிப்பது, வலி கொடுத்தால் மட்டும் அசைவது, அசைவே இல்லாதது ஆகிய நான்குக்கும் 3.

இனி வைட்டல்ஸ் தாளில் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் ஒரு மதிப்பெண் கட்டம் சேர்த்து, அதில் வி-லுக்அப் சூத்திரத்தைப் போடுங்கள். அது நான்கு விவரங்களைக் கேட்கும்: எந்த எண்ணைத் தேடுவது, எந்தப் பட்டியலில் தேடுவது, பட்டியலின் எத்தனையாவது பத்தியிலிருந்து விடை எடுப்பது, தோராயப் பொருத்தம் போதுமா. கடைசிக் கேள்விக்கு ‘ட்ரூ’ என்று கொடுங்கள். அப்போதுதான் 23 என்ற மூச்சு எண்ணிக்கையை 21இல் தொடங்கும் நிலையில் சேர்த்து 2 என்று விடை தரும்.

இப்போது ஒரு கற்பனை நோயாளியைச் சேர்ப்போம். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த 58 வயது அம்மா, காய்ச்சலும் இருமலும். அவருக்கு ஆக்சிஜன் கொடுக்கப்படவில்லை, நன்றாகப் பேசுகிறார்.

காலை 6 மணி: மூச்சு 18, ஆக்சிஜன் அளவு 97, பி.பி. மேல் எண் 124, பல்ஸ் 88, வெப்பம் 99. மொத்தம் 0.
காலை 10 மணி: மூச்சு 20, ஆக்சிஜன் அளவு 95, மேல் எண் 112, பல்ஸ் 98, வெப்பம் 100.8. மொத்தம் 3.
பிற்பகல் 2 மணி: மூச்சு 23, ஆக்சிஜன் அளவு 94, மேல் எண் 104, பல்ஸ் 112, வெப்பம் 101.6. மொத்தம் 7.

பிற்பகல் எண்களைத் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள். "பி.பி. 104தானே, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போகத் தோன்றும். ஆனால் மொத்தம் 5ஐ எட்டினாலே மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும். 7 என்றால் அது அவசர நிலை. ஏதாவது ஓர் அளவு மட்டும் தனியாக 3 பெற்றாலும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். எட்டு மணி நேரத்தில் அந்த அம்மா எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்பதை இந்தச் சிறு தாள் சொல்லிவிட்டது. இதை உருவாக்கும்போது என் மாணவர்களின் முகம் மாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கணினி அந்நியமாகத் தெரிவது அன்றோடு நின்றுவிடுகிறது.

இந்த மதிப்பெண் முறை 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொருந்தாது. நாட்பட்ட நுரையீரல் நோயால் கரியமில வாயு தேங்கும் சிலருக்கு, மருத்துவர் சொன்னால், ஆக்சிஜனுக்கு வேறு அளவுகோல் உண்டு. நாம் செய்தது கற்பதற்கான தாள். வார்டில் உங்கள் மருத்துவமனையின் நடைமுறைதான் செல்லும்.

மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டுப் பாருங்கள். எக்செல் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு 3 மதிப்பெண் போட்டுவிடும். எண்ணாமல் விட்டதும் மூச்சே இல்லாததும் ஒன்றாகிவிட்டன! கட்டம் காலியாக இருந்தால் ‘பதியவில்லை’ என்று காட்டும்படி ஒரு நிபந்தனைச் சூத்திரத்தை முன்னால் சேருங்கள். அதைவிட முக்கியம், ஒரு நிமிடம் முழுக்க நின்று மூச்சை எண்ணுவது. எண்ணாமலே எல்லாருக்கும் 20 என்று நிரப்பும் பழக்கம் இருக்கும் வார்டில் எந்த மென்பொருளும் யாரையும் காப்பாற்றாது.

படி 3: ஒரு நோய்க்கு ஒரே பெயர்

பத்து கற்பனை நோயாளிகளை எழுதுங்கள். நோய்ப் பத்தியில் நான்கு பேருக்குச் ‘சுகர்’, ‘நீரிழிவு’, ‘சர்க்கரை நோய்’, ‘டி.எம்.’ என்று வெவ்வேறாக எழுதிவிட்டு வடிகட்டிப் பாருங்கள். நான்கு பேருக்கும் ஒரே நோய் என்று கணினிக்குத் தெரியாது. நோய்களை வகைப்படுத்தும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஐ.சி.டி. குறியீடுகள் இருப்பது இதற்காகத்தான். அதன் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மருத்துவச் சொற்களுக்கான ஸ்னோமெட் சி.டி. தொகுப்பில் இந்தியா 2014இலேயே உறுப்பினராகிவிட்டதால், இங்கே தனிக் கட்டணம் இல்லை. செவிலிய நோயறிதலுக்கு நாண்டா பட்டியல் இருக்கிறது. இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உங்கள் தாளில் நோய்ப் பெயரைத் தட்டுவதற்குப் பதிலாகப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வசதியை அமைத்துவிட்டால் படி முடிந்தது.

படி 4: இந்த நோயாளி யார்?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே எல்லை இருப்பது பஸ்ஸில் போகும் நோயாளிக்குத் தெரியாது; பதிவேடுகளுக்குத் தெரியும். நெல்லிக்குப்பத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து, தமிழ்நாட்டின் பிக்மி இணையதளத்தில் எண் பெற்ற ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தாய்வீடு வில்லியனூரில். ஏழாம் மாதம் அங்கே போகிறார், பிரசவம் புதுச்சேரியில். முன்பு எடுத்த ஹீமோகுளோபின் அளவும் போட்ட தடுப்பூசியும் அவர் கைப்பையில் இருக்கும் அட்டையில்தான் இருக்கின்றன. அட்டை நனைந்துவிட்டால்? புதுச்சேரி மருத்துவமனையில் அவர் பெயர் தந்தையின் முதலெழுத்தோடு இருக்கும், கடலூரில் கணவரின் முதலெழுத்தோடு. ஆங்கில எழுத்துக்கூட்டலும் இடத்துக்கு இடம் மாறும்.

இந்தச் சிக்கலுக்காகவே ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார அடையாள எண் வந்தது. இதை வழங்கும் தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கம் 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனை முறையில் தொடங்கியபோது அவற்றுள் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் என்ற பெயரில் நாடு முழுவதும் விரிந்தது. உங்களுக்கே ஓர் ஆபா எண் எடுத்துப் பாருங்கள். பதிவைப் பிறர் பார்க்க உங்கள் ஒப்புதலை எப்படிக் கேட்கிறது என்பதைக் கவனித்துப் படியுங்கள். எண் இருந்தாலே பழைய பதிவுகள் எல்லாம் வந்துவிடாது. மருத்துவமனை அந்த எண்ணோடு பதிவை இணைத்தால்தான் வரும்.

எண் எதுவானாலும் படுக்கையருகே கேட்கும் முறை மாறாது. "பாட்டி, நீங்கள் செல்விதானே?" என்றால் காது மந்தமானவரும் தலையசைப்பார். "பாட்டி, உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு, கைப்பட்டையைப் பாருங்கள், பிறகு மருந்தைக் கொடுங்கள். பட்டையிலும் மருந்திலும் பார்கோடு வைத்துச் சரிபார்க்கும் முறைக்கு வித்திட்டவர் ஒரு செவிலியர். அமெரிக்காவின் டொபீகா நகரில் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய சூ கின்னிக், 1990களின் தொடக்கத்தில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் பார்கோடு கருவியைப் பார்த்து, மருந்து கொடுப்பதிலும் இது உதவுமே என்று யோசித்தார். இதை மாணவர்களிடம் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

படி 5: கடவுச்சொல்லும் கைபேசியும்

கேஸ் ஷீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், பெயரை மறைத்தாலும்கூட. சிறிய ஊரில் வயதும் தெருவும் நோயும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். டூட்டி முடிந்ததும் கணினியிலிருந்து வெளியேறுங்கள். உங்கள் பெயரில் திறந்திருக்கும் திரையில் அடுத்தவர் பதிவது எல்லாம் உங்கள் கணக்கில்தான் ஏறும். தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. பயிற்சிக்கு எப்போதும் கற்பனை நோயாளிகளையே பயன்படுத்துங்கள்.

படி 6: உண்மையான மென்பொருளில் பழகுதல்

ஓப்பன்எம்.ஆர்.எஸ்., அதன்மீது கட்டப்பட்ட பாம்னி இரண்டும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறமூல மருத்துவப் பதிவு மென்பொருள்கள். ஓப்பன்எம்.ஆர்.எஸ். 2004இல் தொடங்கியது. இவற்றின் மாதிரித் தளங்களில் ஒரு நோயாளியைப் பதிந்து, வைட்டல்ஸ் சேர்த்து, ஒவ்வாமை எழுதிப் பாருங்கள். முதல் படியில் வரைந்த தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எந்த வட்டத்தை மென்பொருள் அழித்திருக்கிறது, எந்த வட்டத்தைப் புதிதாகப் போட்டிருக்கிறது என்று தெரியும். மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் இலவச வகுப்புகளையும் தேடலாம்.

படி 7: கரண்ட் போன இரவு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. நம் கரையோரத்தில் இந்தப் பாடத்தைப் படிப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகக் கூடாது. மின்சாரமும் இணையமும் இல்லாதபோது எந்தத் தாளில் எழுதுவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நீங்கள் உருவாக்கிய வைட்டல்ஸ் தாளை எண்களின்றி அச்சிடுங்கள். நியூஸ்-2 எல்லைகளைப் பின்பக்கத்தில் போடுங்கள். கூட்டலைக் கையாலும் செய்து பழகுங்கள்.

கணினி மீண்டும் வந்ததும் தாளில் உள்ளதை ஏற்றும்போது ஒரு விதி: இரவு 2 மணிக்குப் பார்த்த பி.பி.யை மறுநாள் காலை 9 மணிக்கு ஏற்றினாலும், கவனித்த நேரம் இரவு 2 என்றே இருக்க வேண்டும். தலைப்பு வரிசையின் கடைசியில் இன்னும் இரண்டு பத்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பதிந்த நேரம், பதிந்தவர். எழுதிய தாளைக் கிழித்துப் போடாமல் கேஸ் ஷீட்டோடு சேர்த்துத் தையுங்கள்.